அப்பா கையெழுத்து போட்ட வாக்குமூலங்கள்

அப்பா விஏஓவா இருந்து ரிட்டயர் ஆனவர், இன்னும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சம்மன் வந்துட்டே இருக்கு, எல்லாம் பழைய கேஸ்தான், குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ்ல ஒப்புதல் வாக்குமூலம் குடுத்தப்போ அப்பாவும் தலையாரியும் சாட்சி கையெழுத்து போட்டிருப்பாங்க. நேத்து அந்த மாதிரி ஒரு காப்பிய கண்ணாடி போட்டுட்டு படிச்சிட்டிருந்தார், நானும் எட்டிப் பார்த்தேன். "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்." எந்த திருடன்ப்பா இப்படி பேசுவான்னு கேட்டேன். எல்லா கேஸ்லயும் இதே வரிதான்மான்னார்.

அந்த வரி சும்மா வரல. போலீஸ்கிட்ட குத்தத்த ஒத்துக்கிட்டா அது கோர்ட்ல செல்லாது, 1872 சாட்சியச் சட்டத்துலயே 25வது பிரிவு அதான், 2024 ஜூலை 1ல வந்த புதுச் சட்டத்துலயும் 23வது பிரிவா அப்படியே இருக்கு. ஆனா கஸ்டடில இருக்கறவர் சொன்னத வச்சு ஒரு பொருள் கிடைச்சா, அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கலாம், பழைய 27வது பிரிவு. 1946ல மதராஸ் மாகாணத்து கொலை கேஸ் ஒண்ணுல, அப்ப உச்ச கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இத தெளிவா சொல்லிடுச்சு, ஈட்டிய இங்க ஒளிச்சு வச்சேன்ங்கறது செல்லும், அதால குத்தினேன்ங்கறது செல்லாது. அந்த ஒரு வரிக்குத்தான் அப்பா கையெழுத்து.

நீங்க பக்கத்துல இருந்தப்பவே சொன்னாங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. சில நாள் இருந்திருக்கேன், சில நாள் எழுதி முடிச்சு வச்சுட்டுதான் கூப்பிடுவாங்கன்னார். எனக்கு வயித்த பிசைஞ்சிருச்சு.

எழுதறவர் ஒரு வரிய விட்டுட்டா என்னாகும்னு ராஜீவ் காந்தி கொலைல கைதான பேரறிவாளன் கேஸ்ல பார்த்தோமே. அப்ப இருந்த தடாங்கற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல 15வது பிரிவு, எஸ்பி ரேங்க்ல இல்ல அதுக்கு மேல இருக்கற அதிகாரி எழுதி வாங்கினா மொத்த வாக்குமூலமும் சாட்சியம். 1999ல சுப்ரீம் கோர்ட் இந்தக் கேஸ்ல தடா குத்தமே நிக்கலன்னு சொல்லிட்டு, அந்தச் சட்டத்துல வாங்கின வாக்குமூலத்த முக்கியமா வச்சுக்கிட்டு தூக்க உறுதி பண்ணுச்சு, இத எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு மனசு ஏத்துக்கல. ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் குடுத்தார்ங்கறது அதுல இருந்துச்சு. எதுக்குன்னு தெரியாதுன்னு அவர் சொன்னது அதுல இல்ல. அத எழுதாம விட்டுட்டேன்னு வாக்குமூலம் வாங்கின சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013ல வெளிய சொன்னார். 19 வயசுல பிடிச்சிட்டுப் போன பையன், 2022 மே 18ல தான் விடுதலை, 31 வருஷம்.

இப்ப தேடுதல், கைப்பற்றுதல் எல்லாம் வீடியோ எடுக்கணும்னு புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 105வது பிரிவு இருக்கு, நல்லதுதான். ஆனா பொருள் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குள்ள அவர் என்ன சொன்னார், எப்படி சொல்ல வச்சாங்கங்கறதும் பதிவாகணும்ல, சண்டையே அதுலதானே.

இந்த தடவை வக்கீல் கேட்டா நடந்தத அப்படியே சொல்லிடறேன்னார் அப்பா. நாளன்னைக்கு பத்தரைக்கு கோர்ட், நானும் கூட போறேன்.