தமிழ்க் குரலும் வட்டில் வர வேண்டும்

மாதச் சந்தா கட்டினால் வேண்டிய அனிமே, அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடர்கள் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும் இந்தக் காலத்தில், எதற்காக இன்னும் ப்ளூ-ரே வட்டுகளை வாங்குகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். மன்னார்குடியில் இருந்துகொண்டு வெளிநாட்டு வட்டை வரவழைத்தால், விலையோடு அஞ்சல் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்துகொள்கின்றன. ப்ளூ-ரே வட்டுகளுக்காக உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அதில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, இந்தியா சி என்பதால், அந்தந்த மண்டலத்தில் மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்ட வட்டு இங்கே வாங்கிய பிளேயரில் ஓடவும் ஓடாது. இவ்வளவும் தெரிந்தேதான் வாங்குகிறேன்.

ஜப்பானில் வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடர்கள் பல, கெடுவுக்குள் முடித்தாக வேண்டிய நெருக்கடியில் உருவாகின்றன. 2011இல் ஷாஃப்ட் நிறுவனம் தயாரித்த ‘மடோகா மாஜிகா’ தொலைக்காட்சியில் வந்தபோது அவசரமாக வரையப்பட்டிருந்த பல சட்டகங்கள், வட்டில் வெளியானபோது திருத்தி வரையப்பட்டிருந்தன. கலைஞர்கள் தாங்கள் நினைத்தபடி வேலையை முடித்துக் கொடுப்பது பெரும்பாலும் வட்டில்தான் என்பதால், ரசிகனாக எனக்கு அதுவே மூலப் பிரதி. படத்தின் தரமும் அப்படியே. ப்ளூ-ரேயில் படத்துக்கான தரவு நொடிக்கு 40 மெகாபிட் வரை இருக்கலாம். ஸ்ட்ரீமிங்கில் வருவது அதில் ஒரு சிறு பங்கு. இருட்டும் மூடுபனியும் நிறைந்த காட்சிகளில், சீராக மங்க வேண்டிய நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய காரணம், கையில் இல்லாத பொருள் நம் பொருள் ஆகாது என்பது. ‘நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்’ தொடர் 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, அத்தியாய முடிவில் ஒலித்துவந்த ‘ஃப்ளை மீ டு த மூன்’ பாடல் ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் நீக்கப்பட்டிருந்தது. பழைய டிவிடிகளில் அது இன்றும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 2 அன்று ஃபுனிமேஷன் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளம் மூடப்பட்டபோது, வட்டு வாங்கியவர்கள் அதனுடன் கிடைத்த குறியீட்டைக் கொண்டு தங்கள் கணக்கில் சேர்த்துவைத்திருந்த டிஜிட்டல் பிரதிகளும் அதோடு போயின. அந்த வட்டுகள் மட்டும் அலமாரியில் மிஞ்சின.

ஆனாலும் ஸ்ட்ரீமிங்கைக் குறை சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் இல்லை, ஏனென்றால் தமிழ் அதன் வழியாகத்தான் அனிமேவுக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. சிறுவர் சேனல்களில் டோரேமானும் ஷின்சானும் தமிழ் பேசியது உண்மை. வளர்ந்தவர்கள் பார்க்கும் தொடர்கள் தமிழில் வரத் தொடங்கியது அண்மையில்தான். 2024இல் வந்த ‘சோலோ லெவலிங்’ தொடர் க்ரஞ்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளத்தில் தமிழிலும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ திரைப்படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கே வந்தது. வசன வரிகள் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் வீட்டிலேயே பதில் இருக்கிறது.

2005இல் ஹிரோஷி நாகஹாமா இயக்கிய ‘முஷிஷி’யில் நெல்லைப் பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. பேரிடர் வரும் ஆண்டில் மட்டும் ஓர் ஊரில் வயல் பொன்னாக விளைகிறது. அதிசயமான ஒரு விதையை மண்ணில் இட்டால் அமோக விளைச்சல் கிடைக்கும், அறுவடை முடியும்போது ஊரில் ஓர் உயிர் போகும். விவசாயியான அப்பாவுக்கு, ஆங்கில வசன வரிகளை அவை ஓடும் வேகத்தில் படிக்க இயலாது. நான் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்; நான் பேசி முடிப்பதற்குள் காட்சி கடந்துவிடும், நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். முடிந்ததும் அப்பா கேட்டார்: “பதினாறாம் வருஷம் அந்த வெதை நம்ம கைக்குக் கெடச்சிருந்தா, வெதைக்காம இருந்திருப்போமாடா தம்பி?” ஆற்றில் தண்ணீரும் இல்லாமல், வடகிழக்குப் பருவமழையும் பொய்த்து, டெல்டாவில் சம்பா கருகிய 2016ஐத்தான் அவர் சொன்னார். அந்தக் கதையை இவ்வளவு நெருக்கமாக உணரக்கூடிய ஒருவருக்கு, மகன் பக்கத்தில் இருந்தால்தான் அது புரியும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. ஜப்பானியக் குரல் ஜப்பானிய வட்டில் இருக்கிறது. ஆங்கிலக் குரல் அமெரிக்க வட்டில் இருக்கிறது. நான் வாங்கிய, வாங்கத் தேடிய வட்டுகள் ஒன்றில்கூடத் தமிழ் ஒலித்தடத்தை நான் கண்டதில்லை. ஸ்ட்ரீமிங் உரிமங்கள் குறிப்பிட்ட காலத்துக்கே தரப்படுகின்றன. காலம் முடிந்து தொடர் தளத்தைவிட்டுப் போனால், நம் டப்பிங் கலைஞர்கள் தொண்டை வறளக் கத்தியும் அழுதும் பேசிக் கொடுத்த குரலை நாம் எங்கே போய்க் கேட்பது? ஒரு ப்ளூ-ரே வட்டில் 32 ஒலித்தடங்கள் வரை சேர்க்கலாம் என்பதால், இடமில்லை என்ற பேச்சுக்கு இடமே இல்லை. தமிழுக்கென்று தனி வட்டு போட்டால் விற்காது என்று நிறுவனங்கள் கருதினால், இந்தி, தமிழ், தெலுங்கு மூன்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து, மண்டலப் பூட்டு இல்லாமல் வெளியிடலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களும் அதை வாங்குவார்கள். முன்பதிவு செய்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மட்டும் அச்சிட்டாலும் போதும், பணத்தை முன்கூட்டியே கட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.