மல்லியின் வாய்க்குள் கை விட்ட நாள்

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள்தான் எங்கள் குதிரையேற்றப் பள்ளிக்குப் பெரும்பாலும் வரும். மல்லியும் அப்படி வந்தவள்தான். இடப்பக்கம் திருப்பினால் தலையை உதறுவாள், மீறித் திருப்பினால் பின்னங்கால்களில் எழும்பப் பார்ப்பாள். "திமிரு சார் இதுக்கு, ரெண்டு போடுங்க" என்றார்கள். போட்டேன். வாயைத் திறக்க விடாமல் மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குப்பட்டையையும் ஒரு துளை கூடுதலாக இறுக்கினேன். பயிற்றுநராக அது எனக்கு நான்காவது வருடம். செய்வது தவறென்று தோன்றவே இல்லை.

பல் பார்க்க வந்த கால்நடை மருத்துவர் அவளுக்கு மயக்க ஊசி போட்டு, வாயை விரித்து மாட்டி, என் கையை உள்ளே விடச் சொன்னார். குதிரைக்குப் பல் பல வருடங்களுக்கு மெல்ல மேலெழுந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது சீராகத் தேயாவிட்டால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கூராகிவிடும். மல்லிக்கு அது உடைந்த ஓடு மாதிரி இருந்தது. வலக் கன்னத்தின் உட்புறம் ஒரு புண். கையில் பிடிக்கும் வார்களில் இடப்பக்கத்து வாரை இழுக்கும்போது கடிவாளத்தின் வலப்பக்க வளையம் அந்தக் கன்னத்தைத்தான் பல்லோடு வைத்து அழுத்தும். போதாததற்கு நான் இறுக்கிய மூக்குப்பட்டை வேறு.

அப்புறம் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கடிவாள இரும்பு கிடக்கும் இடம் அது. மெல்லிய ஈரத்தோல், அதற்கடியில் நேராக எலும்பின் விளிம்பு. இடையில் சதையே கிடையாது. "கால் முன்னெலும்பைக் கட்டில் சட்டத்துல இடிச்சிருக்கீங்களா சார்? இதுவும் அப்படித்தான்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல்லை அரத்தால் ராவி, புண்ணும் ஆறியது. ஆனால் தலை உதறல் நிற்கவில்லை. அப்போதுதான் குதிரையின் மூளையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். திட்டம் போட நமக்கு உதவும் நெற்றிப்பக்க மூளை, நம்மோடு ஒப்பிட்டால் குதிரைக்கு மிகச் சிறியது. வஞ்சம் வைத்துப் பழிவாங்குகிறது என்பதெல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது. ஆனால் அசைவைப் படிப்பதில் அதற்கு இணையில்லை. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பேர்வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரையை 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்தார். கேள்வி கேட்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்துத்தான் அது குளம்பால் தட்டுவதை நிறுத்தியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது அதற்கும் தெரியவில்லை.

அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் தான் செய்ததைத்தான் குதிரை சரியென்று பிடித்துக்கொள்ளும். மல்லி தலையை உதறியதும் பிள்ளைகள் பயந்துபோய் வாரைத் தளர்த்துவார்கள். உதறினால் வலி போகும் என்று மாதக்கணக்கில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். இரும்பைக் கழற்றிவிட்டு, தலைக்கயிறு மட்டும் கட்டி, தரையில் நின்று மறுபடி ஆரம்பித்தேன். ஒரு விரலால் மெல்ல இழுப்பேன். மூக்கு ஒரு அங்குலம் இடப்பக்கம் வந்ததுமே விட்டுவிடுவேன். தினமும் பத்து நிமிடம்தான். ஆறு வாரம் ஆனது.

இப்போது லாயச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறோம். ஆள் ஏறிய குதிரைக்கு வலி இருப்பதைக் காட்டும் 24 அறிகுறிகளைத் தொகுத்தவர் பிரிட்டன் கால்நடை மருத்துவர் சூ டைசன். காது ஐந்து விநாடியோ அதற்கு மேலோ பின்னால் மடிந்திருப்பது, மேல் கீழ்ப் பற்கள் விலகும்படி வாய் பத்து விநாடியோ அதற்கு மேலோ திறந்திருப்பது என்று போகும். எட்டோ அதற்கு மேலோ இருந்தால் உடம்பில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் எங்கள் குதிரைக்காரர் அண்ணன்தான் அதை என்னைவிட நன்றாகப் பார்க்கிறார்.

போன வாரம் ஒரு பையன் வகுப்புக்குப் பணம் கட்டி, தலைக்கவசமும் மாட்டி மல்லிக்காகக் காத்திருந்தான். நான் ஏறி இரண்டு சுற்று ஓட்டி வந்தேன். வேலியோரம் நின்ற அண்ணன் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது சார்."

இறங்கிச் சேணத்தைக் கழற்றினேன்.