ஒரு சர்வரில் மட்டும் அழிக்காத பேக்ஸ்பேஸ்

"ஒரே பேக்ஸ்பேஸ் கீதானே அண்ணே? பிராம்ப்ட்ல அழிக்குது, எஸ்கியூஎல் பிளஸ்குள்ள போனா அழியாம ^?னு விழுது. ஏன்?"

தம்பி கேட்டது இவ்வளவுதான். பிராம்ப்ட் என்பது சர்வரில் கட்டளை தட்டும் இடம்; எஸ்கியூஎல் பிளஸ், தரவுத்தளத்தோடு பேசும் நிரல். "பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும். அஞ்சு சர்வர்லயும் ஒரே மாதிரி போட்டு விட்டுடு" என்றேன். குறுவை நெல் வரத்து உச்சத்தில் இருந்த வாரம் அது. திருவாரூர், மன்னார்குடி பக்கத்து அரிசி ஆலைகளின் எடைமேடைக் கணக்கு ராத்திரி எஸ்எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகப் போய்ச் சேர வேண்டும். நின்று பதில் சொல்ல நேரமில்லை என்று அப்போது தோன்றியது. உண்மையில் இரண்டு நிமிடம் போதும்.

பேக்ஸ்பேஸ் ஒரு எண்ணைத்தான் அனுப்புகிறது: 8 அல்லது 127. திரையில் 8 என்பது ^எச், 127 என்பது ^?. சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் புட்டி மென்பொருள், வேறு சொல்லாதவரை 127 அனுப்பும். சர்வரின் டெர்மினல் அமைப்பில் 'எரேஸ்' என்று எது பதிவாகியிருக்கிறதோ, அதுவே அழிக்கும். பிராம்ப்ட்டில் கட்டளை வாங்கும் ஷெல்லான பேஷ், தட்டும் வரியைத் திருத்த உதவும் தன் ரீட்லைன் வழியே இரண்டையும் அழிப்பாகவே எடுத்துக்கொள்வதால் பிராம்ப்ட்டில் பழுது தெரியாது. எஸ்கியூஎல் பிளஸ்ஸுக்கு ரீட்லைன் கிடையாது. டெர்மினல் அமைப்பை அப்படியே நம்பும். அங்கேதான் குட்டு வெளிப்படும். சோதிக்க, டெர்மினல் அமைப்பைக் காட்டும் எஸ்டிடிஒய் -ஏ கட்டளையைக் கொடுத்து எரேஸ் எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கன்ட்ரோல்-வி அழுத்தி, பேக்ஸ்பேஸ் தட்ட வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் அதுதான் கோளாறு. புட்டி உள்ளே நுழையும்போதே தன் அழிப்பெழுத்தைச் சர்வருக்குச் சொல்லிவிடும். அப்படியும் மாறியிருக்கிறது என்றால், பின்னால் ஏதோ ஒரு கோப்பு மாற்றியிருக்கிறது. எங்கள் பழைய சர்வரில் அது, யார் உள்ளே நுழைந்தாலும் ஓடும் ஈடிசி ப்ரொஃபைல் கோப்பு. எரேஸை ^எச் ஆக்கும் ஒரு வரி.

இதைச் சொல்லியிருந்தால் அவனே தேடிக் கண்டுபிடித்திருப்பான். சொல்லவில்லை. அவன் ஐந்து சர்வரிலும் பேஷ் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பின் தலையில் அல்ல, கடைசியில் மூன்று வரி சேர்த்தான்: எரேஸ் 127, கன்ட்ரோல்-எஸ் தட்டினால் திரை உறையாமலிருக்க எஸ்டிடிஒய் -இக்ஸான், அமைப்பு ஏறியது தெரிய 'கீஸ் ஓகே' என்று ஆங்கிலத்தில் திரையில் எழுதும் ஒரு எக்கோ வரி. மூன்று உபுண்டு சர்வரில் ஒன்றும் ஆகவில்லை. அங்கே பேஷ்ஆர்சியின் தொடக்கத்திலேயே, இது ஆள் உட்கார்ந்து தட்டும் ஷெல்லா என்று $- மாறியில் பார்த்து, இல்லையென்றால் திரும்பிவிடும் காவல் உண்டு. ரெட் ஹேட் வகைச் சர்வர் இரண்டிலும் அந்தக் காவல் இல்லை. எஸ்எஃப்டிபி தொடங்கும்போதும் பேஷ்ஆர்சி ஓடுவதால் அந்த எக்கோ நெறிமுறைத் தரவுக்குள் போய் விழுந்தது. 'செய்தி மிக நீளம் 1801812339' என்ற பிழையோடு ராத்திரிக் கணக்கு நின்றது. அந்த எண் ஏதோ நினைவகக் கோளாறு என்றே விடிகாலை வரை நினைத்தோம். 107, 101, 121, 115 என்ற நான்கு பைட்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்தால் வருவது அது. 'கீஸ்' என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகள்.

மாற்றம் செய்ததும் எஸ்எஸ்எச், சர்வர் பெயர், ட்ரூ என்று, சர்வரில் எதுவும் செய்யாத ஒரு கட்டளையை வெளியிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஓர் எழுத்துகூடத் திரையில் வரக்கூடாது. ஹோம், எண்ட் போன்ற விசைக் கட்டுகள் என்றால் இன்புட்ஆர்சி என்ற கோப்பில் வைப்பது மேல். ரீட்லைன் மட்டும்தான் அதைப் படிக்கும்.

அறிக்கையில் 'பேஷ்ஆர்சியில் தேவையற்ற வரி சேர்க்கப்பட்டது' என்று எழுதினேன். யார் சேர்த்தது, யார் சொல்லிச் சேர்த்தது என்று எழுதவில்லை. தம்பியைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று அன்று உறுதியாக நம்பினேன். சேர்த்தவன் பெயர் இல்லாத வாக்கியத்தில் சொன்னவன் பெயரும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. "நான்தாண்ணே போட்டேன்" என்றான் அவன். "நீங்கதானே சொன்னீங்க" என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது: காவல் வைத்துப் போடச் சொன்னேனா, எக்கோ போடச் சொன்னேனா? அவன் கேட்கவில்லை. அந்தப் பதிலும் சரியில்லை. உபுண்டுவுக்கும் ரெட் ஹேட்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

காரணம் தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் காரணம் தெரிந்த அந்த ஈடிசி ப்ரொஃபைல் வரியை இன்னும் நீக்கவில்லை. ஆலைக் கவுன்டர்களில் ஓடும் பழைய டெர்மினல் மென்பொருள் 8 அனுப்புகிறது. வரியை எடுத்தால் எஸ்கியூஎல் பிளஸ்ஸில் அவர்களுக்கு அழியாது. புட்டியில் ஷிஃப்டோடு சேர்த்து பேக்ஸ்பேஸ் தட்டினால் மற்ற எண் போகும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சர்வரில் மட்டும் அவன் இன்றும் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே அழிக்கிறான்.