நள்ளிரவில் விழிப்பவர்கள்: சிகிச்சையக நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

நாகர்கோவிலில் உள்ள என் ஆயுர்வேத சிகிச்சையகத்துக்கு வரும், நாற்பத்தைந்தைக் கடந்த பெண்களில் பலர், தூக்கம் வரவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "டாக்டர், எனக்கு வாத உடம்புதானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். கைப்பேசியில் நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தங்கள் பிரகிருதியை, அதாவது வாதம், பித்தம், கபம் ஆகியவற்றில் எது மிகுந்த உடல்வாகு என்பதை, தீர்மானித்துக்கொண்டு வருகிறார்கள். மெலிந்த உடல், வறண்ட தோல், அடிக்கடி கலையும் தூக்கம் ஆகியவை வாதப் பிரகிருதியின் அடையாளங்கள் என்பது உண்மைதான். ஆனால் பிரகிருதி கருவிலேயே அமைந்துவிடுவது. முப்பது வயதில் அயர்ந்து தூங்கியவர் நாற்பத்தேழில் விழித்துக் கிடப்பதற்கு அதை மட்டும் காரணம் காட்ட முடியாது.

மார்ச் 6, வியாழன்

ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் என்ற பகுதியில் 21ஆம் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். தூக்கம் கெடுவதற்கு அங்கே காரியம் (வேலை), காலம், நோய், பிரகிருதி, வாயு (வாதம்) என்று ஐந்து காரணங்கள் சொல்லப்படுகின்றன. வேலை முதலில் நிற்கிறது, பிரகிருதி நான்காவதாக வருகிறது. சுலோகத்தின் யாப்புக்காக அப்படி அமைந்திருக்கலாம்; ஆனாலும் அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. காலம் என்பதில் மாதவிடாய் நிற்கும் பருவத்தையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளி ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவீட்டின்படி 21க்கு 5ஐத் தாண்டினாலே தூக்கம் சரியில்லை என்று பொருள். அவருக்கு 12 வந்தது. விடைத்தாள்களைத் திருத்திவிட்டு, மறுநாளைக்கு மாவும் அரைத்து வைத்துவிட்டு, பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறார். இடையில் ஒரு மணி வாக்கில் கழுத்தும் நெஞ்சும் திகுதிகுவென்று எரிந்து, இரவிக்கை நனையும் அளவுக்கு வியர்த்து விழிப்பு வருகிறது. இரவின் நடுப்பகுதி உடல் சூட்டோடு தொடர்புடைய பித்தத்துக்கு உரியது என்பது எங்கள் சாஸ்திரம். ஆக, உடம்பு வாதம், கோளாறு பித்தம். அவரோ வாதத்துக்கென்று, உஷ்ண வீரியமுள்ள, அதாவது சூட்டைக் கூட்டும், அமுக்கராப் பொடியைத் தாமாகவே வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதை நிறுத்தச் சொல்லி, தைராய்டு பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஆசிரியைக்குத் தைராய்டு சரியாக இருக்கிறது. எரிச்சல் சற்றுக் குறைந்திருப்பதாகச் சொன்னார். மாவு அரைக்கும் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டானாம். என் மருந்தைவிட அதன் பங்கே பெரிது என்று நினைக்கிறேன். அளவீடு கடந்த ஒரு மாதத்தைப் பற்றியே கேட்பதால், ஏப்ரல் நடுவில் மறுபடி எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன்.