அனுப்புவதற்கு முன் ஒரு வாரம்

குலசேகரம் பகுதியில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களின் தோள்வலியைப் பற்றிய எங்கள் கட்டுரையை, மருத்துவ ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்புவதற்காக இந்த வாரம் முழுவதும் திருத்திக்கொண்டிருக்கிறேன். இத்தகைய ஆய்வுக் கட்டுரையில் எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வகுத்துள்ள ஸ்ட்ரோப் (STROBE) பட்டியலின் 22 கூறுகளையும் சரிபார்த்தபோது, என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஆய்வின் குறைகளைச் சொல்லும் பத்திதான். விடியுமுன் தோட்டத்துக்கு வந்தவர்களை மட்டுமே நாங்கள் சந்தித்தோம். வலி தாங்காமல் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் எங்கள் கணக்கில் வரவில்லை என்பதால், உண்மையான பாதிப்பு நாங்கள் எழுதியதைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். அதைக் கடைசிப் பக்கத்தில் ஒதுக்காமல், சுருக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

கட்டுரையாசிரியர் பட்டியலும் எளிதாக அமையவில்லை. பன்னாட்டு மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழுவின் 4 நிபந்தனைகளின்படி, ஆய்வில் கணிசமாகப் பங்களித்து, வரைவை எழுதவோ திருத்தவோ செய்து, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பவரே கட்டுரையாசிரியர் ஆவார். அதிகாலை இருட்டில் தோட்டம் தோட்டமாக நடந்து தரவு சேகரித்த செவிலியர் அக்காவுக்கு, நன்றியுரையில் ஒரு வரி போதாது என்பது என் உறுதியான எண்ணம். திருத்தும் வாய்ப்பே தராமல், திருத்தவில்லை என்று ஒருவரை விலக்குவது முறையன்று. வரைவை நேற்று அவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் குறிப்புகள் வந்த பிறகே கட்டுரையை அனுப்புவேன்.