வெர்டி காலடி வைக்காத வெர்டி அரங்கம்

இத்தாலியின் ஃபிடென்சா நிலையத்தில் இறங்கியபோது, ஓபரா எனும் இசை நாடகங்களுக்கு இசையமைத்த வெர்டி வாழ்ந்த ஊரான புசெட்டோவுக்கு அடுத்த ரயில் வர இரண்டு மணி நேரமாகும் என்று தெரிந்தது. பொறுமையின்றி வாசலில் நின்ற டாக்சியில் ஏறியதுதான் நான் செய்த முட்டாள்தனம். கால் மணி நேரப் பயணத்துக்கு 50 யூரோ! ஞாயிற்றுக்கிழமைக் கட்டணமாம். ரூபாயில் கணக்குப் பார்ப்பதில்லை என்ற என் சபதம் அந்த இடத்திலேயே முறிந்தது.

அந்த எரிச்சல் புசெட்டோவின் வெர்டி அரங்கத்துக்குள் நுழைந்ததும் தணிந்தது. முந்நூறு பேர் மட்டுமே அமரக்கூடிய, நகைப்பெட்டி போன்ற ஓபரா அரங்கம் அது. அதைவிடச் சுவையானது அதன் பின்னுள்ள மனத்தாங்கல். முதல் மனைவி மார்கெரிட்டாவையும் இரு குழந்தைகளையும் 1838 முதல் 1840 வரையிலான காலத்தில் பறிகொடுத்த ஜுசெப்பே வெர்டி, 'நபுக்கோ' ஓபராவால் புகழ்பெற்ற பின், பாடகி ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனியுடன் மணம் செய்துகொள்ளாமலேயே இவ்வூரில் வந்து குடியேறியபோது, ஊரார் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அதே ஊர் பின்னாளில் அவர் பெயரில் அரங்கம் கட்டியது. அது வீண்செலவு என்று கருதிய வெர்டி, 10,000 லிரா நன்கொடை தந்தார். ஆனால் 1868-இல் அவருடைய 'ரிகொலெட்டோ' ஓபராவுடன் நடந்த திறப்பு விழாவுக்கு வரவில்லை, அதன் பிறகும் உள்ளே காலடி வைக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு முகத்தைக் காட்டாத அந்தக் கோபத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

வாடகைச் சைக்கிளில் ரோன்கோலேவுக்குச் சென்றேன். 1813-இல் அவர் பிறந்த எளிய வீட்டையும், சிறுவனாக ஆர்கன் வாசித்த தேவாலயத்தையும் பார்த்தேன். அரை நூற்றாண்டு காலம் அவர் பண்ணையாராகவும் வாழ்ந்த சான்ட் அகாட்டா மாளிகையோ, வாரிசுகளின் தகராறால் 2022-இல் மூடப்பட்டு, நான் போனபோதும் பூட்டிக் கிடந்தது. இதை முன்பே விசாரிக்காமல் அவ்வளவு தூரம் மிதித்தது என் பிழையே.

பசியோடு திரும்பி, இருந்த காசையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுக் குலத்தெல்லோ கேட்டேன். போ ஆற்றுச் சமவெளியின் மூடுபனி ஈரத்தில் மாதக்கணக்கில் பதப்படும் பன்றியிறைச்சியை இதழ்போல் மெல்லியதாகச் சீவி, பூரிக்கு ஒன்றுவிட்ட தம்பியான சூடான தோர்த்தா ஃபிரித்தாவின் மேல் வைத்தால், கொழுப்பு நாவில் படும் முன்னரே உருகிவிடுகிறது. இத்தனைக்கும் டாக்சிக்காரருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை!

திரும்பும்போது ரயிலுக்காக ஒன்றரை மணி நேரம் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன்.