‘ரூக்’ கேட்ட நாட்கள்

9 ஜூன் 2025, திங்கள்

ஷியர்வாட்டர் என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவின் ‘ரூக்’ ஆல்பத்தை இன்றுதான் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்டேன். 2008-இல் மாட்டடோர் நிறுவனம் வெளியிட்ட இத்தொகுப்பில் பத்தே பாடல்கள்தாம்; நாற்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. முதல் பாடலிலேயே ஏமாந்தேன். பியானோவும் பாடகர் ஜோனதன் மைபர்க்கின் மெல்லிய உச்சக்குரலும் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, சொற்கள் பிடிபடவில்லையே என்று ஒலியைக் கூட்டிவைத்தேன். சற்று நேரத்தில் குழு முழுவதும் கரையுடைந்த வெள்ளம்போல் பாய்ந்ததில் ஹெட்போனைக் கழற்றி எறியாத குறை.

10 ஜூன், செவ்வாய்

ஷியர்வாட்டர் என்பது கடற்பறவை ஒன்றின் பெயர். அலையின் வளைவை ஒட்டிச் சாய்ந்து, இறக்கை நுனியால் நீரைக் கீறுவதுபோல் பறப்பது அதன் வழக்கம். குழுவுக்கு அப்பெயர் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் குழுவை நடத்திவந்த மைபர்க், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் புவியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1997-இல் உதவித்தொகை பெற்றுத் தொலைதூரத் தீவுகளுக்குப் பயணம் போனபோது, ஃபாக்லாந்து தீவுகளில் வரிக் காரகாரா என்னும் பறவையின் கணக்கெடுப்பில் உடனிருந்தவர். பின்னாளில், 2021-இல், காரகாராக்களைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

12 ஜூன், வியாழன்

இரண்டு நாட்களாக அந்தக் காரகாராவே மனத்தை விட்டு அகலவில்லை. பைரி, ராஜாளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், நடத்தையில் அது நம் காக்கைக்குத்தான் உறவு: மனிதனைக் கண்டு அஞ்சாது, எதையும் கொத்திப் பார்க்கும், கண்ணில் பட்டதைத் தூக்கிக்கொண்டு போகும். ‘பீகிள்’ கப்பலில் ஃபாக்லாந்துக்குச் சென்ற டார்வின், இப்பறவைகள் ஒரு தொப்பியை ஏறத்தாழ ஒரு மைல் தூரம் கொண்டுபோனதையும், சிவப்புத் தோலுறையிலிருந்த சிறு திசைகாட்டியைத் திருடியதையும், அது கடைசிவரை கிடைக்காமலே போனதையும் எழுதிவைத்திருக்கிறார். தீவுவாசிகள் இப்பறவைக்கு இட்ட பெயர் ‘ஜானி ரூக்’. ஆல்பத்தின் தலைப்பு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழும், அலகடி வெளுத்த ரூக் காக்கையைத்தான் நேராகச் சுட்டுகிறது என்றாலும், அந்தத் தீவுத் திருடனும் அதற்குள் ஒளிந்திருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் ஊகம் மட்டுமே.

‘ரூக்ஸ்’ பாடலை மீண்டும் கேட்டேன். காக்கைகள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுகின்றன. சில ஆன்டெனாவில் மோதுகின்றன, சில துணி உலர்த்தும் கொடியில் சிக்கிக்கொள்கின்றன, சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. எங்கும் தப்பியோட முடியாது என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லிவிட, மனிதர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்துகொள்கிறார்கள். 2020-இன் ஊரடங்கைக் கண்டவர்களால் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. இத்தனைக்கும் மெட்டு துள்ளலானது; இறுதியில் வரும் டிரம்பெட்டோ ஏதோ ஊர்வலத்தை வழியனுப்புவதுபோல் ஒலிக்கிறது. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்று வாசலைப் பார்க்கும் பழக்கமுள்ள எனக்கு, கதவைச் சாத்திக்கொள்ளும் இந்தப் பாட்டு சற்று அதிகமாகவே உறைத்தது.

15 ஜூன், ஞாயிறு

இயற்கையைப் பாடும் ராக் தொகுப்புகள் பலவற்றில் எனக்குள்ள சலிப்பு, பறவை அங்கே பாடுபவரின் சோகத்துக்கு உவமையாக வந்து நின்றுவிடுகிறது என்பதுதான். களத்தில் நின்று பறவைகளை எண்ணிய ஒருவர் அப்படி எழுதுவதில்லை போலும். இங்கே உயிரினங்கள் மனிதரைப் பொருட்படுத்தாமல் தம்பாட்டுக்கு வாழ்ந்து தம்பாட்டுக்குச் சாகின்றன. குறையும் உண்டு: ‘ஹோம் லைஃப்’ ஏழு நிமிடத்துக்கு நீள்வதற்கு நியாயம் தெரியவில்லை. எவரெஸ்டின் தென் கணவாயைப் பெயராகக் கொண்ட ‘சவுத் கோல்’ சொல்லே இல்லாத சிறு துண்டு. அதையடுத்துப் பியானோவில் அடிமேல் அடிவைத்து ஏறும் ‘ஸ்னோ லெப்பர்ட்’டுக்காகவே இத்தொகுப்பை வாங்கலாம்.

இன்றிரவு, திங்களன்று பட்ட பாட்டை நினைத்து, ஒலியைக் கூட்டாமல் முதல் பாடலைத் தொடங்கினேன். மின்விசிறியின் சத்தத்தில் பியானோ காணாமல் போயிற்று. விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்தபடியே, அந்த வெள்ளம் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.